பாத்தி ஏன் தாழ்கிறது?

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள மணற்பாங்கான எழுவான்கரையில், வீட்டு வளவுக்குள் சீமெந்துக் கல் அடுக்கி உயர்பாத்தி அமைத்தவர்கள் இதைக் கண்டிருப்பார்கள். ஆவணியில் விளிம்பு மட்டம் வரை நிரப்பிய மண், மாரி ஓய்ந்து தை பிறக்கும்போது மூன்று நான்கு விரற்கடை இறங்கியிருக்கும். பழைய மட்டம் கல்லின் உட்பக்கத்தில் ஒரு கறைக்கோடாகத் தெரியும். மழை கரைத்துக்கொண்டு போய்விட்டது என்பார்கள். தளர்வாக இட்ட மண்ணை மழை அமர்த்துவது உண்மைதான். ஆனால் நாலு பக்கமும் அடைத்த பாத்தி, மண் அமர்ந்த பிறகும் ஆண்டுதோறும் தாழ்ந்துகொண்டே போவதற்கு வேறு காரணம் இருக்கிறது: நாம் இட்ட கூட்டெருவின் பெரும்பகுதி காற்றோடு கலந்துவிடுகிறது.

கூட்டெருவில் உள்ள காபன் பற்றீரியாவுக்கும் பங்கசுக்கும் உணவு. அவை உண்ணும் காபனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே அவற்றின் உடலாகிறது. எஞ்சியது காபனீரொட்சைட்டாக வெளியேறுகிறது. இந்தச் சுவாசத்தின் வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது. ஈரம் போதியதாக இருந்தால், வெப்பம் 10 பாகை ஏறும்போது உக்கும் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும். சராசரியாக 10 பாகை நிலவும் ஒரு குளிர்நாட்டுத் தோட்டத்தையும், சராசரி 27 பாகையை ஒட்டியிருக்கும் நமது கரையையும் ஒப்பிட்டால், இங்கே கூட்டெரு மூன்று மடங்குக்கு மேலான வேகத்தில் எரிந்து தீர்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை ஓர் அங்குலம் இட்டால் போதும் என்று குளிர்நாட்டு நூல்கள் சொல்லும் கணக்கு நமக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான்.

கூட்டெரு தீர்ந்த பாத்தியில் மிஞ்சுவது கடல்மணல். மணற்பருக்கையின் மேற்பரப்பில் மின்னேற்றம் இல்லையென்றே சொல்லலாம். ஆகவே அமோனியம், பொற்றாசியம், கல்சியம் போன்ற நேர் மின்னேற்றமுள்ள அயன்களைப் பற்றி வைத்திருக்க அதனால் முடியாது. கூட்டெரு உக்கி எஞ்சும் கரும்பொருளான உக்கலின் மேற்பரப்போ மறை மின்னேற்றம் நிறைந்தது. அது அந்த அயன்களைப் பிடித்துவைத்து, வேர் கேட்கும்போது விட்டுக்கொடுக்கிறது. பஞ்சுபோல நீரையும் தேக்குகிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் காலையில் ஊற்றிய நீர் மாலைக்குள் காணாமற்போகும் பாத்தியையும், ஒரு சாண் ஆழத்தில் விரலுக்குக் குளிர்ச்சி தட்டும் பாத்தியையும் பிரிப்பது இந்த உக்கலே.

ஆனால் வைக்கோல் போன்ற உக்காத பொருளை நேரே மண்ணோடு கலந்தால் பயிர் பட்டினி கிடக்கும். நுண்ணுயிரின் உடலில் சுமார் 8 பங்கு காபனுக்கு 1 பங்கு நைதரசன் உண்டு. மூச்சில் போகும் காபனையும் சேர்த்தால், அதன் உணவில் 24 பங்கு காபனுக்கு 1 பங்கு நைதரசன் இருக்கவேண்டும். வைக்கோலில் இந்த விகிதம் 60க்கும் மேல். பற்றாக்குறையை நிரப்ப நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைதரசனை இழுத்துக்கொள்ளும். ஒருமுறை அரைகுறையாக உக்கிய வைக்கோலை அவசரப்பட்டுக் கிளறி இட்டபோது, என் கத்தரிக் கன்றுகளின் அடியிலைகள் பத்து நாளுக்குள் மஞ்சளாகின. நைதரசன் குறையும்போது செடி முதிர்ந்த இலையில் இருப்பதை எடுத்துக் குருத்துக்கு அனுப்புகிறது. அதனால்தான் மஞ்சள் கீழிருந்து தொடங்குகிறது.

இதற்குத் தீர்வு வேலியிலேயே நிற்கிறது. கிளிசறியா இலையில் நைதரசன் மிகுதி. இரண்டு கிலோ வைக்கோலுக்கு நாலைந்து கிலோ பச்சை இலை சேர்த்தால் விகிதம் 25ஐ ஒட்டி வரும். குவியல் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் ஒரு மீற்றராவது இருந்தால்தான் உள்ளே பிறக்கும் வெப்பம் வெளியேறாமல் நின்று 55 பாகையைத் தாண்டும். களைவிதைகளும் நோய்க்கிருமிகளும் பெரும்பாலும் அந்தச் சூட்டிலேயே மடிகின்றன. வாவியிலிருந்து அள்ளும் ஆற்றுவாழையையும் சேர்க்கலாம். நகரக் கழிவுநீர் விழும் இடத்து ஆற்றுவாழை மட்டும் வேண்டாம், ஏனெனில் அது பார உலோகங்களை உறிஞ்சித் தன்னுள் சேமிக்கும் தாவரம்.

கூட்டெரு முதிர்ந்ததா என்று அறிய, ஈரமான ஒரு பிடியை மூடிய போத்தலில் மூன்று நாள் வைத்துத் திறந்து முகர்ந்து பாருங்கள். புளிப்போ மூத்திர நெடியோ வந்தால் இன்னும் பொறுக்கவேண்டும். முதல் மழையில் எழும் மண்வாசம் வந்தால் அதை இடலாம்.

எப்போது இடுவது என்பதில் நம் ஊரில் கூடுதல் கவனம் தேவை. கார்த்திகை, மார்கழி அடைமழைக்கு முன் மிகுதியாக இட்டால், உக்கலாலும் பிடிக்கமுடியாத, மறை மின்னேற்றமுள்ள நைதரசன் வடிவமான நைத்திரேற்று மணலூடாக இறங்கி, நாம் குடிக்கும் ஆழமில்லாத கிணற்றைச் சேரும். மாரியில் குவியலை மூடிவைத்து உக்கவிட்டு, மழை ஓய்ந்த பின் இடுவதே நல்லது. மூன்று மீற்றர் நீளமும் ஒரு மீற்றர் அகலமும் உள்ள பாத்திக்கு 2.5 சென்ரிமீற்றர் கனத்தில் பரப்ப 75 லீற்றர், அதாவது பத்து லீற்றர் வாளியால் ஏழரை வாளி, வேண்டும். அதை மேல் நாலு விரற்கடையோடு மட்டும் கலந்து, வைக்கோலால் மூடிவிடலாம். ஆழக் கொத்தினால் காற்றுப் புகுந்து உக்கல் இன்னும் விரைவாக எரியும். அடுத்த போகத்துக்கு முன் இதில் பாதியளவு போதும். மாட்டெரு மிகுந்த கூட்டெருவை அளவின்றிக் கொட்டினால், பயிருக்கு வேண்டாத பொசுபரசும் உப்பும் மண்ணில் தேங்கும்.

உக்கலை நீண்டகாலம் காப்பது களி. களித்துணிக்கைகளோடு ஒட்டிக்கொண்ட உக்கலை நுண்ணுயிர்கள் எளிதில் எட்டமுடியாது. மணலில் அதற்கு அப்படி ஒளிந்துகொள்ள இடமில்லை. வாவிக்கு மேற்கே படுவான்கரை வயல்களில் களி உண்டு. அந்தப் பக்கத்து உறவினர் வீட்டிலிருந்து ஓரிரு மூடை வயல்மண்ணோ புற்றுமண்ணோ கிடைத்தால், காயவைத்து, பொடித்து, கூட்டெருவோடு கலந்தே இடுங்கள். கூட்டெருவைப் போலன்றி, களி உக்கி மறைவதில்லை.