ஒரு டிகிரிக்கும் குறைவான இடம்

என்.பி.ஏ. என்பது அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக். அதன் அணிகள் முறைவைத்துப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வுக்கு டிராஃப்ட் என்று பெயர். 2009 டிராஃப்டில் மினசோட்டா அணிக்கு ஐந்தாவது, ஆறாவது என்று அடுத்தடுத்து இரண்டு வாய்ப்புகள் கிடைத்தன. ரிக்கி ரூபியோ, ஜானி ஃப்ளின் என்ற இரண்டு பாயிண்ட் கார்டுகளை, அதாவது பந்தை நகர்த்தி ஆட்டத்தை நடத்துகிறவர்களை, எடுத்தார்கள். அந்த ஆண்டு ஆட்டத்துக்குச் சராசரியாக 28.6 புள்ளி எடுத்து, அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் முதலிடத்தில் இருந்த ஸ்டெஃபன் கரியை விட்டுவிட்டார்கள். ஏழாவதாக கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அவரை எடுத்தது.

கரி பெரிய ஆட்டக்காரர் ஆகிவிட்ட பிறகு, மினசோட்டாவைக் கேலி செய்வது இன்று சுலபம். ஆனால் கரி ஒல்லி. படித்தது டேவிட்சன் என்ற சின்னக் கல்லூரி. அதோடு, கல்லூரியில் விழுகிற பந்து என்.பி.ஏ.யில் விழாமல் போவதற்கு இயற்பியலிலேயே காரணம் இருக்கிறது.

வளையத்தின் விட்டம் 45.7 செ.மீ. பந்தின் விட்டம் சுமார் 24 செ.மீ. இரண்டு பந்து நுழையலாம் போலத் தோன்றும். ஆனால் பந்து நேர் மேலிருந்து விழுவதில்லை, சாய்வாக வருகிறது. சாய்வாக வரும் பந்துக்கு வளையம் நீள்வட்டமாகச் சுருங்கிவிடும். 45 டிகிரியில் இறங்கினால் திறப்பு 32 செ.மீ.; 30 டிகிரியில் இறங்கினால் 23 செ.மீ.தான். அதாவது பந்தைவிடச் சின்னது, விளிம்பில் படாமல் உள்ளே போகவே முடியாது.

அப்படியானால் பந்தை வானத்துக்கு எறிந்தால் ஆயிற்று என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். மிக உயரமாக எறிய வேகம் அதிகம் வேண்டும். வேகம் கூடினால் கையின் சின்னப் பிசகும் பெரிதாகும். குறிப்பிட்ட தூரத்துக்கு ஆகக் குறைந்த வேகத்தில் பந்தைக் கொண்டுபோகும் கோணம் ஒன்று உண்டு. கையிலிருந்து வளையத்துக்கு ஒரு நேர்க்கோடு இழுத்து, அது தரையோடு ஆக்கும் கோணத்தில் பாதியை 45 டிகிரியோடு கூட்டினால் அது கிடைக்கும். மூன்று புள்ளிக் கோட்டிலிருந்து (இதற்கு வெளியே நின்று போட்டால் இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி) ஏறத்தாழ 48 டிகிரி. இதில் ஒரு நல்ல விஷயம், அந்தக் கோணத்தை ஒட்டி ஒரு டிகிரி முன்பின் போனாலும் பந்து விழும் தூரம் அவ்வளவாக மாறாது. ஆனால் வேகம் பிசகினால் மன்னிப்பே கிடையாது. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சில்வர்பெர்க், டிரான் இருவரும் தடுப்பார் இல்லாமல் எறியும் ஃப்ரீ த்ரோக்களைக் கணினியில் எறிந்து பார்த்து, 52 டிகிரி கோணமும் நொடிக்கு மூன்று பின்சுழற்சியும் நல்லது என்று சொன்னார்கள். பின்சுழற்சி எதற்கு என்றால், விளிம்பிலோ பலகையிலோ படும் பந்தின் வேகத்தை அது தின்றுவிடும். எகிறிப் போக வேண்டிய பந்து தயங்கி உள்ளே விழும்.

இப்போது தூரத்துக்கு வருவோம். 2007-08இல் கல்லூரி மூன்று புள்ளிக் கோடு கூடையிலிருந்து 6.02 மீட்டரில் இருந்தது. என்.பி.ஏ.யில் அது 7.24 மீட்டர். கணக்குப் போட்டால் பந்துக்குக் கொடுக்க வேண்டிய ஆற்றல் 17 விழுக்காடு கூடுகிறது. பக்கவாட்டில், விளிம்பைத் தொடாமல் போக இருக்கும் இடம் இரு பக்கமும் சுமார் 11 செ.மீ. கல்லூரிக் கோட்டிலிருந்து அது ஒரு டிகிரிப் பிசகு, என்.பி.ஏ. கோட்டிலிருந்து 0.86 டிகிரி.

இதற்கான ஏற்பாடு கரியிடம் பள்ளி நாள்களிலேயே தொடங்கிவிட்டது. அப்போது அவர் இடுப்பருகிலிருந்து பந்தை எறிவார். உயரமான தடுப்பாளர் சுலபமாகத் தட்டிவிடலாம். அப்பா டெல் கரியும் என்.பி.ஏ. ஆட்டக்காரர். அவர் ஒரு கோடை விடுமுறை முழுக்க மகனின் எறியும் முறையையே பிரித்துப் போட்டு மாற்றினார். பந்து நெற்றிக்கு மேலிருந்து கிளம்ப வேண்டும். அதுவும் குதித்து உச்சிக்குப் போன பிறகு அல்ல, உடம்பு மேலேறிக்கொண்டிருக்கும்போதே. அப்போது முழங்காலிலிருந்து கிளம்பும் விசை தோள், மணிக்கட்டு வழியாக அறுபடாமல் பந்துக்குப் போகிறது. மெலிந்த கைகளுக்கு அந்த 17 விழுக்காடு பெரிய பாரமாகத் தெரியாது. உச்சிவரை காத்திருக்காததால் நேரமும் மிச்சம்.

நேரம்தான் முக்கியம் என்று நான் சொல்வேன். எண்கள் கொஞ்சம் விசித்திரமானவை. 2007-08இல் கரியின் மூன்று புள்ளி வெற்றி விகிதம் 43.9 விழுக்காடு. அடுத்த ஆண்டு கல்லூரிக் கோட்டை ஓர் அடி பின்னால் தள்ளினார்கள், விகிதம் 38.7 ஆனது. இன்னும் தள்ளி இருக்கும் என்.பி.ஏ. கோட்டில், முதல் ஆண்டில், மறுபடி 43.7! தூரம் மட்டும்தான் காரணம் என்றால் இது நடக்கக் கூடாது. கடைசிக் கல்லூரி ஆண்டில் பந்தை நகர்த்துவதும் எறிவதும் அவர் தலையிலேயே விழுந்தது. எதிரணிகள் அவரையே மொய்த்தன. 2008 நவம்பரில் லயோலா அணி ஆட்டம் முழுக்க இரண்டு பேரை அவர்மீது நிறுத்தியது. கரிக்கு அன்று பூஜ்யம். டேவிட்சன் 30 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தது என்பது வேறு கதை. என்.பி.ஏ.யில் ஒரு புது ஆளுக்காக யாரும் அப்படி இரண்டு பேரை விடமாட்டார்கள். எறிய அரை நொடி கிடைத்தால் போதும், அவருக்கு ஒரு மீட்டர் கூடுதல் தூரம் பொருட்டாக இல்லை.

நடுவில் வலது கணுக்கால் படுத்திய பாடு தனி. 2011இலும் 2012இலும் அறுவை சிகிச்சை. 2011-12 பருவத்தில் ஆடியது 26 ஆட்டம்தான். பிறகு, கணுக்காலில் இறங்கும் சுமையை இடுப்புத் தசைகள் வாங்கிக்கொள்ளும்படி உடற்பயிற்சியை மாற்றினார்கள்.

2015-16இல் அவர் 402 மூன்று புள்ளிக் கூடைகள் போட்டார். இதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு பள்ளிப் பிள்ளைக்கும் புரியும்: நூறு முறை எறிந்து 40 விழுந்தால் 120 புள்ளி, கிட்டே நின்று 50 விழுந்தால் 100தான். மற்ற அணிகளும் இதைப் போட்டுப் பார்த்திருக்கின்றன. அவர் சேர்ந்த பருவத்தில் ஓர் அணி ஆட்டத்துக்குச் சராசரியாக 18 தடவை மூன்று புள்ளிக்கு எறிந்தது. 2023-24இல் 35 தடவை. ஏழடி உயர ஆட்டக்காரர்களும் இப்போது கோட்டுக்கு வெளியே நின்று பழகுகிறார்கள்.