கொதிநிலை சரி, எந்த அழுத்தத்தில்?

ஒரு ரசாயனத்தின் பாதுகாப்புத் தரவுத்தாள் வந்தால் நான் நேராகப் போவது இயற்பியல், வேதியியல் பண்புகளைச் சொல்லும் 9ஆம் பகுதிக்கு. கொதிநிலைக்கு எதிரே ஓர் எண் இருக்கும். அது எந்த அழுத்தத்தில் அளந்தது என்பது பல தாள்களில் இருக்காது.

கிளிசரால் இயல்பான வளிமண்டல அழுத்தத்தில் சுமார் 290 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். அதற்குள் சிதையவும் தொடங்கிவிடும். அழுத்தத்தை 20 மில்லிமீட்டர் பாதரசத்துக்கு இறக்கினால் 182 டிகிரியே போதும். யாரோ இந்த 182ஐ மட்டும் நகலெடுத்து, அழுத்தத்தை விட்டுவிட்டால் போச்சு, நூறு டிகிரிக்கு மேல் பிழை.

சின்னப் பிழையும் சில இடங்களில் கடிக்கும். ரசாயன ஆபத்துகளை வகைப்படுத்தும் உலகளாவிய முறைதான் ஜிஎச்எஸ். எரியும் திரவங்களுக்கான அதன் வகைப்பாட்டில், ஃபிளாஷ் பாயின்ட் (திரவத்தின் ஆவி தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் மிகக் குறைந்த வெப்பநிலை) 23 டிகிரிக்குக் கீழே இருந்து, கொதிக்கத் தொடங்கும் வெப்பநிலை 35க்கு மேல் போகாவிட்டால் முதல் வகை, அதாவது மிக ஆபத்தானது. போனால் இரண்டாம் வகை. டை எத்தில் ஈதர் 34.6இல் கொதிக்கிறது, முதல் வகை. பென்டேன் 36.1, இரண்டாம் வகை. இடைவெளி ஒன்றரை டிகிரிதான். அளக்கும் அன்றைக்குக் காற்றழுத்தம் என்ன என்று குறிக்காமல் இந்த எல்லையில் தீர்ப்புச் சொல்ல முடியாது.

சில துளிகள்தான் கையில் இருக்கிறதென்றால் கொதிநிலையை அளக்க சிவலபோவ் முறை நல்லது. சிறிய குழாயில் திரவம். அதற்குள் மேல்முனை மூடிய நுண்புழாய், திறந்த வாய் கீழே. மெதுவாகச் சூடாக்கினால் முதலில் ஒன்றிரண்டு குமிழ்கள் வரும். அது உள்ளே இருந்த காற்று, ஏமாறாதீர்கள். குமிழ்கள் சரம் கோத்ததுபோல் விடாமல் வந்ததும் சூட்டை நிறுத்தி ஆறவிட வேண்டும். குமிழ் நின்று திரவம் புழாய்க்குள் ஏறும் கணத்தில் வெப்பமானி காட்டுவதே கொதிநிலை.

ஆனால் அடுப்பை மூட்டுவதற்கு முன்பே கேட்க வேண்டியது: இது கொதிக்குமா, சிதையுமா? கரிமப் பெராக்சைடுகள், சில நைட்ரோ சேர்மங்கள் போன்றவை சூடேறும்போது வெடித்துச் சிதறலாம். வருகிற குமிழ்கூட ஆவியாக இல்லாமல், சிதைவில் பிறந்த வாயுவாக இருக்கலாம். அதனால் சந்தேகம் இருந்தால் முதலில் டிஎஸ்சி கருவியில் (சூடேற்றும்போது பொருள் வெப்பத்தை உறிஞ்சுகிறதா, வெளிவிடுகிறதா என்று அளப்பது) சில மில்லிகிராம் மட்டும் வைத்துப் பார்ப்போம். வெப்பத்தை உறிஞ்சினால் கொதிப்பாக இருக்கலாம். வெப்பத்தைக் கக்கினால் குழாய்ச் சோதனையை அங்கேயே கைவிட வேண்டியதுதான்.

"எண் எங்கே?" என்று வாடிக்கையாளர் கேட்கத்தான் செய்வார். 'கொதிக்கும் முன் சிதைகிறது' என்பதும், அது தொடங்கும் வெப்பநிலையும் முறையான சோதனை முடிவுதான். கிடங்கில் வேலை செய்பவருக்கு அதுதான் கூடுதலாகப் பயன்படும்.