நாற்பது டிகிரி அறையில் ஒரு கிராபிக்ஸ் கார்டு

வேலூர் சத்துவாச்சாரியில் என் அக்கா வீட்டின் மாடி அறை மேற்கு வெயிலை முழுவதுமாக வாங்கும். மேலே மொட்டை மாடி, பக்கத்தில் நிழலுக்கு ஒரு மரம்கூட இல்லை. கத்திரி வெயில் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. பத்தாம் வகுப்புக்குப் போகவிருக்கும் அக்கா மகன் என்னைக் கூப்பிட்டான்.

"மாமா, கணினியில் விளையாட்டு பதினைந்து நிமிடம் நன்றாக ஓடுகிறது. அப்புறம் விட்டுவிட்டு ஓடுகிறது. கார்டு போய்விட்டதா?"

கணினியை விற்ற கடையில் கேட்டதற்கு, இந்தக் கார்டு போதாது, இதைவிடப் பெரியதாக வாங்குங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். விடியற்காலையில் ஆடினாலும் இப்படித்தானா என்று கேட்டேன். ஆறு மணிக்கு ஆடினால் ஒரு மணி நேரம் ஆனாலும் ஒன்றும் ஆவதில்லை என்றான். பழுதான கார்டு நேரம் பார்த்து நடந்துகொள்ளாது. காட்பாடியில் இயற்பியல் கற்பிக்கும் எனக்கு அந்தப் பதிலே போதுமாக இருந்தது. ஒரு வெப்பமானியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கிராபிக்ஸ் கார்டு என்ன வேலை செய்கிறது என்பதைக் கோலத்தை வைத்துச் சொல்லிவிடலாம். சாதாரண மானிட்டர் என்பது 1920 புள்ளி, 1080 வரிசை வைத்த நேர்ப்புள்ளிக் கோலம். மொத்தம் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன நிறம், எந்தப் பக்கமிருந்து வெளிச்சம், எதிரே நிற்கும் சுவர் அதை மறைக்கிறதா என்று கணக்கிட வேண்டும். முழுக் கோலத்தையும் போட்டு முடித்ததும் அழித்துவிட்டு அடுத்ததைத் தொடங்க வேண்டும். இப்படி ஒரு விநாடிக்கு 60 கோலம். கணினியின் மையச் செயலி கைதேர்ந்த ஒருவரைப் போன்றது. எவ்வளவு சிக்கலான கோலத்தையும் போடுவார், ஆனால் புள்ளி புள்ளியாகத்தான் நகர்வார். கிராபிக்ஸ் கார்டோ தெருவையே திரட்டிவந்து ஆளுக்குச் சில புள்ளிகளைப் பிரித்துக் கொடுத்துவிடும். அவன் வைத்திருக்கும் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டில் 3,584 கணக்கீட்டு அலகுகள் இருக்கின்றன. அத்தனையும் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன.

இந்த வேலைக்கு மின்சாரம் வேண்டும். அந்தக் கார்டுக்கு விதித்த உச்ச அளவு 170 வாட். செயலி, நினைவகம், மற்றவை எல்லாம் சேர்ந்து ஆட்ட நேரத்தில் ஏறக்குறைய 300 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் எவ்வளவு படமாக மாறுகிறது என்று மாணவர்கள் கேட்பார்கள். கேபிளில் போகும் சமிக்ஞையில் உள்ள ஆற்றல் கணக்கில் சேர்க்க முடியாத அளவுக்குச் சிறியது. 300 வாட்டும் வெப்பமாகவே அறைக்குள் வருகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் 100 வாட் அளவுக்கு வெப்பம் விடும். ஆகவே அவன் தனியாக ஆடும்போது அந்த அறையில் நான்கு பேர் உட்கார்ந்திருக்கும் புழுக்கம் இருக்கும். பத்தடிக்குப் பத்தடி அறை, பத்தடி உயரம். அதிலுள்ள காற்றின் எடை 32 கிலோ. சுவர்கள் வெப்பத்தை உறிஞ்சாவிட்டால் 300 வாட் அந்தக் காற்றை இரண்டு நிமிடத்துக்குள் ஒரு டிகிரி ஏற்றிவிடும். சுவர்கள் உறிஞ்சுவதால்தான் பிழைக்கிறோம். மே மாதத்து மாலையில் மேற்குச் சுவரே கைவைக்க முடியாமல் கொதிக்கும்போது அதுவும் உறிஞ்ச மறுக்கிறது.

வேலூரை வெயிலூர் என்று சொல்வது பேச்சுக்காக அல்ல. மரமில்லாத மலைகள் பகல் முழுவதும் வாங்கிய வெயிலை இரவில் திருப்பிக் கொடுக்கின்றன. பாலாறு பெரும்பாலும் மணலாகக் கிடக்கிறது. அன்று மாலை நான்கு மணிக்கு அந்த அறையில் 40 டிகிரி.

சூடான பொருளிலிருந்து எவ்வளவு வெப்பம் வெளியேறும் என்பதை, அதற்கும் சுற்றியுள்ள காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடுதான் தீர்மானிக்கிறது. நியூட்டன் சொன்ன குளிர்தல் விதி. பள்ளியில் படித்துவிட்டு மறந்துபோகும் இந்த விதி இங்கே வந்து நிற்கிறது. ஆர்டிஎக்ஸ் 3060 தன்னை 83 டிகிரிக்கு மேல் போகவிடாமல் பார்த்துக்கொள்ளும். அறை 24 டிகிரியாக இருந்தால் வேறுபாடு 59. அறை 40 என்றால் வேறுபாடு 43 மட்டும்தான். விசிறி அதே வேகத்தில் சுற்றினால், கார்டு வெளியேற்றக்கூடிய வெப்பம் 59 பங்கிலிருந்து 43 பங்காகக் குறைந்துவிடுகிறது. 27 சதவீத இழப்பு. விற்ற கார்டு அதேதான். அறைதான் அதன் திறனில் கை வைக்கிறது.

அப்படியானால் வேகமும் 27 சதவீதம் குறைய வேண்டும் அல்லவா? இல்லை. இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தமானது. கார்டின் சில்லுக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர்கள் என்ற நுண் சுவிட்சுகள் ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் ஆற்றல் செலவாகிறது. இந்தச் செலவு மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும், விநாடிக்கு எத்தனை முறை திறந்து மூடுகின்றன என்ற எண்ணிக்கையையும் பெருக்கினால் வரும் அளவுக்கு ஏற்ப ஏறி இறங்கும். வேகத்தைக் குறைக்கும்போது மின்னழுத்தத்தையும் கூடவே குறைக்க முடியும். இரண்டையும் பத்துப் பத்து சதவீதம் குறைத்தால் 0.9 தன்னோடு மூன்று முறை பெருக்கப்படுகிறது. விடை 0.729. வெப்பம் 27 சதவீதம் குறைந்துவிட்டது, வேகத்தில் இழந்ததோ பத்து சதவீதம்தான். கார்டு இந்தப் பேரத்தைத்தான் தனக்குள் ஓயாமல் நடத்திக்கொண்டிருக்கிறது. சில்லில் கசியும் மின்சாரத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. சூடு ஏறினால் கசிவும் ஏறும். ஆனாலும் போக்கு இதுதான்.

பத்து சதவீத இழப்புக்கு ஆட்டம் இப்படித் தடுமாறாதே என்ற சந்தேகம் எனக்கும் வந்தது. வெப்பமானியைக் கேபினட்டுக்குள் வைத்தேன். கால் மணி நேரத்தில் 52 காட்டியது. கேபினட்டின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே நிறம் மாறும் விளக்குகளோடு மூன்று விசிறிகள். காற்று நுழைவதற்கு ஓரமாக ஒரு விரல்கடை இடைவெளி. விசிறிகள் உள்ளிருக்கும் சூட்டையே சுற்றிச் சுற்றி விட்டுக்கொண்டிருந்தன. கார்டைப் பொறுத்தவரை அதன் அறை 52 டிகிரி. வேறுபாடு 31 ஆகச் சுருங்கிவிட்டது, ஏறக்குறைய பாதி. மேலே சொன்ன கணக்குப்படி வேகம் 19 சதவீதம் போயிற்று.

இந்த 19 ஏன் கண்ணுக்கு அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது? மானிட்டர் விநாடிக்கு 60 முறை புதுப்பிப்பது என்றால், ஒரு படத்துக்கு 16.7 மில்லி விநாடி அவகாசம். காலையில் அவன் கார்டு 14.5 மில்லி விநாடியில் படத்தை முடித்துக்கொண்டிருந்தது. மாலையில் அதே படத்துக்கு 17.9 ஆயிற்று. பஸ் கிளம்பிய பிறகு நிலையத்துக்கு வந்த கதைதான். தாமதம் ஒரு மில்லி விநாடியாக இருந்தாலும் அடுத்த பஸ் வரும்வரை நிற்க வேண்டும். பழைய படமே இன்னொரு சுற்றுக்குத் திரையில் நிற்கும். எளிய காட்சிகளில் பஸ்ஸைப் பிடித்துவிடும், புகையும் வெடியும் வந்தால் தவறவிடும். இந்த மாறி மாறி நடக்கும் தவறல்தான் அவன் சொன்ன "விட்டுவிட்டு". படம் தயாராகும்வரை மானிட்டரே காத்திருக்கும் மாறும் புதுப்பிப்பு வசதி உள்ள திரைகளில் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

பக்கவாட்டுப் பலகையைக் கழற்றிவிட்டு ஆடச் சொன்னேன். ஆட்டம் சீரானது. பெரிய கார்டு தேவைப்படவில்லை. சொல்லப்போனால் பெரிய கார்டு அதே கண்ணாடிப் பெட்டிக்குள் இன்னும் அதிக வாட் சூட்டைக் கொட்டியிருக்கும்.

எங்கள் ஊரில் கணினி வாங்குகிறவர்களுக்கு ஆகவே நான் வாட் கணக்கையே முதலில் சொல்கிறேன். 3060க்கு அடுத்து வந்த ஆர்டிஎக்ஸ் 4060 கார்டின் அளவு 115 வாட்தான், வேகமும் பெரும்பாலான ஆட்டங்களில் சற்றுக் கூடுதல். ஆனால் அதில் 8 ஜிபி நினைவகம், பழையதில் 12 ஜிபி. காட்சிக்கான படங்கள் கார்டின் நினைவகத்துக்குள் அடங்காவிட்டால் கணினியின் பொது நினைவகத்திலிருந்து இழுக்க வேண்டும், அப்போதும் தடுமாற்றம் வரும். இருந்தாலும் ஏசி இல்லாத அறைக்கு நான் 115 வாட்டின் பக்கம் நிற்பேன். முன்பக்கம் வலை அடித்த கேபினட் பார்ப்பதற்குச் சாதாரணமாக இருக்கும், அதையே வாங்குங்கள். வலையில் படியும் தூசியை மாதம் ஒருமுறை தட்டிவிட்டால் போதும். கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான மின்வழங்கியை மட்டும் கழிவு விலைக்கு வாங்காதீர்கள். 85 சதவீதத் திறனுள்ளது 300 வாட் கொடுக்க 353 வாட் இழுக்கும், 90 சதவீதம் என்றால் 333. அந்த 20 வாட்டும் சூடுதான்.

காட்பாடிப் பக்கம் விடுதிகளில் தங்கிப் படிக்கும் மாணவர்கள் லேப்டாப்தான் வாங்குகிறார்கள். அவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. லேப்டாப்பில் வரும் 4060 சில்லை 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவில் வேண்டுமானாலும் பொருத்தத் தயாரிப்பாளர்களுக்கு அனுமதி இருக்கிறது. பெயர் ஒன்றுதான், வேகத்தில் பெரிய வித்தியாசம் வரும். பெட்டியில் அந்த வாட் அளவு இல்லையென்றால் கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள்.

நான் கேபினட்டின் முன்பக்கக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அக்கா மோர் கொண்டுவந்தாள். அவள் கவலை வேறு எண்ணைப் பற்றியது.

"தம்பி, இவன் ஆடுகிறானே, அதற்கு ஒரு இடத்தில் பதின்மூன்று என்று போட்டிருக்கிறது, இன்னொரு இடத்தில் பதினாறு என்கிறது. இவனுக்குப் பதினான்கு. நான் எதை எடுத்துக்கொள்வது?"

அக்கா கேட்டது, அவன் ஆடும் வலோரன்ட் என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டைப் பற்றி. அக்கா பார்த்த இரண்டு எண்களும் உண்மை. அமெரிக்காவின் இஎஸ்ஆர்பி என்ற வயது மதிப்பீட்டு அமைப்பு அதைப் பதின்பருவத்தினருக்கு, அதாவது 13 வயதுக்கு மேல் என்று வகைப்படுத்தியிருக்கிறது. ஐரோப்பாவில் அதே வேலையைச் செய்யும் பெகி 16 என்கிறது. ஒரே துப்பாக்கி, ஒரே ரத்தம். பார்ப்பவர்கள் வேறு.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்பதைத் தெரிந்துகொண்டால் குழப்பம் தெளியும். 1992இல் வந்த மோர்டல் காம்பாட் என்ற சண்டை விளையாட்டில் காட்டிய கொடூரம் அமெரிக்காவில் பெற்றோரைக் கொதிக்கவைத்தது. 1993 டிசம்பரில் அந்நாட்டுச் செனட் விசாரணை நடத்தியது. அரசு சட்டம் போடுவதற்கு முன் விளையாட்டு நிறுவனங்கள் தாங்களே 1994இல் அமைத்துக்கொண்டதுதான் இஎஸ்ஆர்பி. பெகி 2003இல் வந்தது. வட்டில் விற்கும் விளையாட்டுக்கு, நிறுவனம் ஒரு நீண்ட வினாத்தாளை நிரப்பி, ஆட்டத்தில் உள்ள மிகக் கடுமையான காட்சிகளைத் தொகுத்து வீடியோவாக இஎஸ்ஆர்பிக்குத் தர வேண்டும். மதிப்பீட்டாளர்கள் அதைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். செல்பேசிக் கடைகளில் கொட்டும் லட்சக்கணக்கான விளையாட்டுகளுக்கு அது முடியாது என்பதால், 2013இல் உருவான ஐஏஆர்சி அமைப்பில் வினாத்தாளை நிரப்பியதும் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் உரிய எண் தானாகவே கிடைத்துவிடும். ரத்தம் தெரிகிறதா, அடிபடுகிறவர் மனிதரா, கற்பனை உயிரா, சூதாட்டத்தைப்போல ஏதாவது இருக்கிறதா என்ற கேள்விகள் பொதுதான். விடைக்கு எவ்வளவு எடை என்பதை அந்தந்த வட்டாரம் தன் வழக்கத்தின்படி வைத்துக்கொள்கிறது. நிஜத்தைப்போலத் தோன்றும் வன்முறைக்குப் பெகி 16 போடுகிறது.

நம் நாட்டில் திரைப்படத்துக்குச் சான்றிதழ் தரும் வாரியம் இருக்கிறது. 2023 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அது 7, 13, 16 என்றெல்லாம் வயது பிரிக்கிறது. விளையாட்டுக்கு அப்படி ஒரு வாரியம் இல்லை. நாம் பார்ப்பது வெளியூர் வெப்பமானியில் அளந்த அளவு.

நம்மிடம் உள்ள சட்டங்கள் பணத்தைக் குறிவைத்தவை. தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டமும், அதன்கீழ் 2025இல் வந்த விதிகளும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டில் 18 வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்க்கத் தடை விதித்தன, நள்ளிரவு 12 முதல் காலை 5 மணிவரை ஆட்டத்தையே நிறுத்தின. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளையே தடைசெய்கிறது, இ-ஸ்போர்ட்ஸ் போட்டிகளைத் தனியாக அங்கீகரிக்கிறது. சீனா 2021இல் சிறுவர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு எட்டு முதல் ஒன்பது வரை மட்டும் இணைய விளையாட்டு என்று விதித்தது. தென்கொரியா 2011இல் கொண்டுவந்த நள்ளிரவுத் தடையைப் பத்தாண்டுக்குப் பின் கைவிட்டது.

அக்காவிடம் நான் சொன்னது வேறொன்று. வயது எண் என்பது விளையாட்டை எழுதியவர்கள் உள்ளே வைத்ததை மட்டும் அளக்கிறது. மறுமுனையில் ஆடும் முகம் தெரியாத ஆள் மைக்கில் என்ன பேசுவான் என்பதை எந்த வினாத்தாளும் அளக்க முடியாது. எண்ணுக்குக் கீழே சிறிய எழுத்தில் "பயனர்கள் உரையாடலாம்", "விளையாட்டுக்குள் வாங்கலாம்" என்ற பொருளில் இரண்டு வரிகள் இருக்கும். பதினான்கு வயதுப் பையனுக்கு ரத்தத்தைவிட அந்த இரண்டு வரிகளைத்தான் நான் கவனிப்பேன். விண்டோஸில் பிள்ளைக்குத் தனிக் கணக்கு தொடங்கினால் நேர வரம்பு வைக்கலாம், வாங்குவதற்குப் பெற்றோர் ஒப்புதல் கேட்கும்படியும் செய்யலாம். வலோரன்டிலேயே ரத்தத்தைக் காட்டாமல் நிறுத்தும் அமைப்பும் உண்டு, முன்பின் தெரியாதவர்களின் குரலை அணைத்துவைக்கவும் முடியும். அவனே அமைப்புகளைத் திறந்து இரண்டையும் செய்து காட்டினான்.

பிறகு நாங்கள் மூவரும் கணினியைக் கூடத்துக்குக் கொண்டுவந்தோம். அங்கே எதிரெதிர் ஜன்னல்கள், மேற்கு வெயில் படுவதில்லை, வெப்பமானி 36 காட்டியது. ஹெட்போனுக்குப் பதில் ஸ்பீக்கரை மாட்டினான், அதனால் யார் என்ன பேசினாலும் சமையலறைவரை கேட்கும். கண்ணாடி இருந்த இடத்தில் வலைப் பலகை பொருத்தினோம். கார்டின் மின்னழுத்தத்தை ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் ஒரு படி இறக்கினேன். மிக வலுக்குறைந்த சில்லும் ஓடட்டும் என்று தொழிற்சாலையில் சற்றுக் கூடுதலாகவே வைத்து அனுப்புவார்கள், பெரும்பாலான சில்லுகளுக்கு அவ்வளவு தேவைப்படாது. அளவுக்கு மீறி இறக்கினால் ஆட்டம் நின்றுபோகும், பழைய அளவுக்கே திருப்பிவிடலாம்.

மறுநாள் மாலை நான்கு மணிக்குக் குறுஞ்செய்தி அனுப்பினான்: "மாமா, ஒரு மணி நேரமாக ஆடுகிறேன். கார்டு 74 டிகிரி. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார்."