மேசைமேல் இருக்கும் கிரீடம் கடிகாரத்துக்குச் சாட்சி அல்ல

சென்ற மாதம் ஒருவர் ஒரு பெட்டியோடு வந்தார். உள்ளே ரோலக்ஸ் சப்மரைனர் என்று, அந்த சுவிஸ் கம்பெனியின் மாடல் பெயர் பொறித்த கைக்கடிகாரம். கூடவே உள்ளங்கை அளவில் ஐந்து முனை கொண்ட பித்தளைக் கிரீடம். "இந்தக் கிரீடம் கம்பெனி ஷோரூம்ல மட்டும்தான் இருக்குமாம். அதனால வாட்ச்சும் அசல்தான்னு சொல்லிக் கொடுத்தாங்க சார்" என்றார். பின்மூடியைத் திறந்தேன். ஜப்பானியத் தயாரிப்பு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. வரப்போகும் மாப்பிள்ளைக்கு வாங்கியதாம். அவரை நிமிர்ந்து பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

1905இல் லண்டனில் ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப் தொடங்கி, பிறகு ஜெனீவாவில் நிலைகொண்ட நிறுவனம் ரோலக்ஸ். அதன் கிரீடச் சின்னத்தைச் சிலையாக்கிக் கடைகளின் கண்ணாடிப் பேழையில் வைப்பது வழக்கம். அப்படிப்பட்ட பழைய காட்சிப் பொருட்களைத் தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அழகான பொருள்தான், அந்த ஆசையில் தவறே இல்லை.

ஆனால் பித்தளைக் கிரீடம் ஒன்று கையில் இருந்தால், அதிலிருந்து அச்சு எடுத்து இன்னொன்றை வார்க்கப் பெரிய பட்டறை வேண்டியதில்லை. உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும். அதனால் நகல் மூலத்தைவிடச் சற்றுச் சிறியதாகவும் விளிம்புகள் மழுங்கியும் வரும். அடிப்பக்கத்தைத் திருப்பி அச்சு இணைந்த கோட்டையும் அரம் போட்ட தடத்தையும் தேடுங்கள். காந்தம் ஒட்டினால் அது பித்தளையே இல்லை, மேலே முலாம்தான். பழையது என்கிறார்களே, கைபட்டுத் தேய வேண்டிய முனைகளிலும் இடுக்குகளிலும் ஒரே கறுப்பு நிறம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், அந்தக் கறுப்பு ரசாயனத்தில் வந்தது.

கடிகாரத்தைப் பற்றிச் சொல்லும் கிரீடங்கள் கடிகாரத்திலேயே இருக்கின்றன. இன்றைய சப்மரைனரின் சாவி கொடுக்கும் திருகில், பொறித்த கிரீடத்துக்குக் கீழே மூன்று புள்ளிகள் இருக்கும். நீர் புகாத டிரிப்லாக் அமைப்பின் அடையாளம் அது. 2000களின் தொடக்கத்திலிருந்து கண்ணாடியில் 6 மணிக்கு அருகே லேசரால் பொறித்த மிக நுண்ணிய கிரீடமும் உண்டு. லென்ஸ் வைத்து, வெளிச்சத்தில் சாய்த்தால்தான் பிடிபடும். போலிகள் பலவற்றில் அது வெறுங்கண்ணுக்கே பளிச்சென்று தெரிகிறது. ஆனாலும் இவற்றையும் போலி செய்கிறார்கள். அதனால் நான் முடிவாக நம்புவது திறந்த பின்மூடியைத்தான்.

சிலை பிடித்திருந்தால் சிலைக்கான விலையைத் தனியாகப் பேசுங்கள். கடிகாரத்துக்குப் பணம் கொடுப்பதற்கு முன், உங்களுக்குத் தெரிந்த ரிப்பேர்காரரிடம் பின்மூடியைத் திறந்து காட்ட விற்பவர் சம்மதிக்கிறாரா என்று கேளுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.