ஸ்மார்ட் ஹைவே: அறிதிறன் பெருவழி

தீபாவளி நெருங்கினால் சிலிம் ரிவர், பீடோர், தாப்பா பக்கத்துத் தோட்டங்களுக்குப் பிள்ளைகள் கோலாலம்பூரிலிருந்து திரும்புவார்கள். ஹைவே ஜேமாகும். டோலில் இறங்கிப் பழைய ரோட்டைப் பிடித்தால் அதுவும் அடைத்துக் கிடக்கும். அப்போது அடிபடும் சொல் ‘ஸ்மார்ட் லேன்’: நெரிசல் நேரத்தில் அவசரத் தடத்தையும் வண்டிகளுக்குத் திறந்துவிடுவது. அந்த ‘ஸ்மார்ட்’டுக்குத் தமிழில் எது பொருந்தும்?

ஆங்கிலத்தில் இதன் பழம்பொருள் சுரீரென்று வலிப்பது. வலியின் கூர்மை சுறுசுறுப்பாகி, புத்திக்கூர்மையாகி, 1970களில் இலக்கைத் தேடிப் போகும் குண்டுக்கும் அடைமொழியானது. பிறகு கைப்பேசி, வீடு, சாலை என்று ஒட்டிக்கொண்டது.

மலேசியாவில் நாம் ‘விவேகம்’ என்று பழகிவிட்டோம்: விவேகப் பள்ளி, விவேகக் கைப்பேசி. இந்த வடசொல்லின் பொருள் பிரித்தறிதல். நல்லது கெட்டது பார்க்கும் மனிதப் பண்பு. அதைச் சாலைக்குச் சூட்ட எனக்கு மனம் வரவில்லை. தமிழகத்தில் வழங்கும் ‘அறிதிறன்’ சரியாக உட்காருகிறது. ஸ்மார்ட் ஹைவேயின் வேலையே அறிவதுதான். தாருக்கு அடியில் புதைத்த கம்பிச் சுருள் வண்டிகளின் எண்ணிக்கையையும் வேகத்தையும் உணர்கிறது. கூட்டம் கூடினால் மேலேயுள்ள மின்பலகை வேக வரம்பைக் குறைக்கிறது. முன்னால் ஒருவர் பிரேக்கை அழுத்த, பின்னால் வரிசையே அலையலையாக நின்றுபோவது அதனால் குறையும். பிரிட்டன் 1995இல் எம்25 சாலையில் மாறும் வேக வரம்பைக் கொண்டுவந்தது. 2006இல் பர்மிங்ஹாம் அருகே எம்42இல் அவசரத் தடத்தையும் நெரிசல் நேரத்தில் திறந்தது.

‘ஹைவே’க்கு நெடுஞ்சாலை, விரைவுச்சாலை இரண்டும் வழக்கில் உண்டு. எனக்குப் பிடித்தது ‘பெருவழி’. கொங்கு நாட்டின் ராசகேசரிப் பெருவழிக் கல்வெட்டில் இருக்கும் சொல் அது. மலாயில் ‘லெபுராயா’வின் ‘ராயா’வுக்கும் பெரியது என்றுதான் பொருள்.

சொல்லைச் சரியாகப் பிடித்தால் அரசு நிதி எங்கே போகவேண்டும் என்பதும் தெளிவாகும். பிரிட்டனில் பல இடங்களில் அவசரத் தடத்தை நிரந்தரமாகவே எடுத்துவிட்டார்கள். பழுதான வண்டிக்கு ஒதுங்க இடமில்லாமல் உயிர்கள் போயின. 2022இல் பாதுகாப்புக்கென்று 90 கோடி பவுண்டு ஒதுக்க நேர்ந்தது. 2023இல் புதிய திட்டங்களையே கைவிட்டார்கள். ஆகவே நம் ஒதுக்கீடு முதலில் உணர்கருவிகளுக்கும், பழுதான வண்டி ஒதுங்கும் இடங்களுக்கும் போகட்டும். தடத்தைத் திறந்துவிடுவதை மட்டும் ‘அறிதிறன்’ என்று சொல்ல நான் ஒப்பமாட்டேன்.