சாசனம் என்றால் யார் எழுதிக் கொடுத்தது?

போன மாதம் முடி வெட்டிக்கொள்ளப் போன கடையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. திரையின் அடியில் ஒரு வரி நகர்ந்து போனது: 'சட்டத் திருத்தம் அரசியல் அமைப்புக்கு எதிரானது'. பக்கத்து நாற்காலியில் கன்னத்து நுரையோடு உட்கார்ந்திருந்த பெரியவர் அதை வாய்விட்டுப் படித்துவிட்டு, "எந்த அமைப்புக்குப்பா எதிரா?" என்று கேட்டார். கடைக்காரர் கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஏதாவது கட்சியா இருக்கும் சார்" என்றார். பெரியவருக்கும் அது போதுமானதாக இருந்தது.

டிவி சொல்ல வந்தது அரசியலமைப்பை, அதாவது நாட்டின் கான்ஸ்டிட்யூஷனை. பிழை அவர்கள் இருவரிடமும் இல்லை. 'அரசியல் அமைப்பு' என்று இடைவெளி விட்டு எழுதினால் தமிழில் அதற்கு அதுதான் பொருள். ஊருக்கு நாலு அரசியல் அமைப்புகள் இருக்கின்றன, கொடியும் சுவரொட்டியுமாக.

பத்திரிகை ஒன்றில் மொழிபெயர்ப்புப் பக்கம் பார்க்கும் தம்பி ஒருவரிடம் இதைச் சொன்னேன். "அதுக்குத்தாண்ணே நான் எப்பவும் அரசியல் சாசனம்னே போட்டுடுறேன். குழப்பமே இல்லை, தலைப்பிலயும் அடங்கிடும்" என்றார். தலைவலிக்குக் காலை வெட்டுகிற வைத்தியமாகப் பட்டது எனக்கு. அரசியலமைப்பு என்பதில் உள்ள கோளாறு ஓர் இடைவெளிதான். சாசனத்தில் உள்ள கோளாறு பொருளிலேயே இருக்கிறது.

முதலில் சொல்லின் பிறப்பு. கான்ஸ்டிட்யூஷன் லத்தீனிலிருந்து வந்தது. சேர்த்து நிறுத்துதல், நிலைபெற அமைத்தல் என்பது வேர்ப்பொருள். ஒருவருடைய உடல்வாகுக்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். ஒரு நாடு எந்தெந்த உறுப்புகளால் ஆனது, எந்த உறுப்பு எதைச் செய்யலாம், எதைத் தொடக் கூடாது என்பதைச் சொல்லும் ஏற்பாடு என்று வைத்துக்கொண்டால் போதும். தமிழில் 'அமை' என்ற வேர் இதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. பொருந்துதல், அடங்குதல், நிலைபெறுதல் எல்லாமே அதற்குள் உண்டு. அமைதியும் அங்கிருந்து வந்ததுதான்.

'அரசியல்' என்ற முன்பகுதியும் பிறவியிலேயே கெட்டுப்போனதல்ல. திருக்குறள் பொருட்பாலின் முதல் 25 அதிகாரங்களுக்கு அரசியல் என்றுதான் பெயர். 'அரசியல் பிழைத்தோர்க்கு அறம் கூற்று' என்பது சிலப்பதிகாரம். அங்கே பிழைத்தவன் பாண்டியன். அவன் எந்தக் கட்சியிலும் இல்லை, தேர்தலில் நிற்கவும் இல்லை. அரசின் இயல்பு, ஆளும் முறை என்பதே அன்றைய பொருள். அந்தப் பொருளில் அரசியலமைப்பு நல்ல சொல்தான். ஆனால் இன்றைக்கு அரசியல் என்றால் காதில் விழுவது கட்சி அரசியல். "இதில் அரசியல் பண்ணாதீங்க" என்கிறோமே, அந்த அரசியல்.

சரி, சாசனத்துக்கு வருவோம். அது வடசொல் என்பதால் விரட்டச் சொல்லவில்லை. நீதி, நியாயம் போன்ற சொற்களை நான் தினமும் எழுதுகிறேன், கையில் கொப்புளம் வரவில்லை. என் வழக்கு வேறு. 'சாஸ்' என்றால் ஆணையிடு, அடக்கி ஆள், கற்பி. சாஸ்திரமும் சாசனமும் அந்த ஒரு வேரின் பிள்ளைகள். இரண்டிலும் மேலே ஒருவர் இருந்து சொல்கிறார், கீழே இருப்பவர் கேட்டுக்கொள்கிறார். கல்லிலும் செப்பேட்டிலும் அரசன் வெட்டிக் கொடுத்தது சாசனம். நிலத்தை விற்பவர் வாங்குபவருக்கு எழுதிக் கொடுப்பது கிரய சாசனம். சாகப் போகிறவர் பிள்ளைகளுக்கு எழுதி வைப்பது மரண சாசனம். கொடுப்பவர் ஒருவர், பெறுபவர் இன்னொருவர். இந்த ஏற்பாடு இல்லாமல் சாசனமே கிடையாது.

வேள்விக்குடிச் செப்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதுகுடுமிப் பெருவழுதி என்ற பாண்டியன் ஓர் ஊரைத் தானமாகக் கொடுக்கிறான். பிறகு வந்த களப்பிரர் அதைப் பறித்துக்கொள்கிறார்கள். பல தலைமுறை கழித்து, எட்டாம் நூற்றாண்டில், நெடுஞ்சடையன் பராந்தகன் முன்னால் ஒருவர் வந்து முறையிடுகிறார். பழைய உரிமையை நிரூபித்துக்காட்டு என்கிறான் அரசன். அவர் காட்ட, ஊர் திரும்பக் கிடைக்கிறது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த உரிமையின் கதி என்ன? ஒரு மன்னன் கொடுத்தான், இன்னொருவர் எடுத்தார், மூன்றாமவன் மனம் வைத்தான். சாசன உரிமை என்பது அப்படிப்பட்டதுதான். கொடுக்கிற கை எடுக்கவும் செய்யும்.

இந்திய அரசியலமைப்பின் முகப்புரையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'இந்திய மக்களாகிய நாம்' என்று தொடங்கி, 1949 நவம்பர் 26 என்று நாளும் குறித்து, 'நமக்கு நாமே வழங்கிக்கொள்கிறோம்' என்று முடிகிறது. கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரே. தனக்குத் தானே கிரய சாசனம் எழுதிக்கொண்டு பத்திரப்பதிவு அலுவலகத்துக்குப் போனால் என்ன சொல்லி அனுப்புவார்கள்?

இன்னொன்று, அடிப்படை உரிமைகள் பகுதியின் வாக்கிய அமைப்பு. மேடைதோறும் 'சாசனம் நமக்கு அளித்த உரிமைகள்' என்று கேட்கிறோம். 14ஆம் உறுப்பு (ஆங்கிலத்தில் ஆர்ட்டிக்கிள்) எதையும் அளிப்பதாகச் சொல்லவில்லை. சட்டத்தின் முன் சமத்துவத்தை எவருக்கும் அரசு மறுக்கக் கூடாது என்கிறது. 21ஆம் உறுப்பும் அப்படியே: சட்டம் வகுத்த நடைமுறைப்படி அன்றி எவருடைய உயிரையும் தனிமனிதச் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது. இரண்டும் எதிர்மறை வாக்கியங்கள். குடிமகனிடம் ஏற்கெனவே இருப்பதன்மேல் அரசு கை வைக்காதபடி அந்தக் கையைக் கட்டிவைக்கிறார்கள். இதைப் போய் 'அளித்த' என்று பெயர்த்தால் கட்டப்பட்டவரே வள்ளலாகிவிடுகிறார்.

தம்பி விடவில்லை. ரோமாபுரிப் பேரரசர்களின் ஆணைகளுக்கும் லத்தீனில் கான்ஸ்டிட்யூஷன் என்கிற இதே பெயர்தானே, 1164இல் இங்கிலாந்தின் இரண்டாம் ஹென்றி கிளாரண்டனில் போட்ட விதிகளுக்கும் இதே சொல்தானே என்று கேட்டார். உண்மை. நல்ல கேள்விகூட. அரசனின் ஆணை என்ற பொருள் அங்கே தேய்ந்து, 1787இல் அமெரிக்கர்கள் 'மக்களாகிய நாம்' என்று எழுதத் தொடங்கியபோது சொல் வேறு வாழ்க்கைக்குப் போய்விட்டிருந்தது. தமிழில் சாசனத்தின் பழைய பொருள் சாகவில்லை. கல்வெட்டு படிப்பவர்களிடமும் பத்திரம் எழுதுபவர்களிடமும் அது நன்றாக உயிரோடு இருக்கிறது. உயிரோடு இருக்கும் பொருள் பின்னால் இழுக்கத்தான் செய்யும்.

அக்கம்பக்கத்திலும் கேட்டுப் பார்க்கலாம். மலையாளத்தில் பரணகடன: பரணம் ஆட்சி, கடன அமைப்பு. நம் சொல்லின் அண்ணன் மாதிரி இருக்கிறது. தெலுங்கில் ராஜ்யாங்கம், கன்னடத்தில் சம்விதானம். தெலுங்கில் சாசனம் உண்டு, ஆனால் அது சட்டமன்றம் இயற்றுகிற சட்டத்துக்கு. சட்டமன்றத்துக்கே சாசனசபை என்றுதான் பெயர். அதாவது, எந்தச் சட்டங்களுக்கெல்லாம் மேலே நாம் இதை வைக்க வேண்டுமோ அவற்றின் பெயர் அங்கே சாசனம். இலங்கையில் சிக்கல் இன்னும் வேடிக்கையானது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை, புத்த சாசனத்தை, அதாவது பௌத்த மதத்தை, பாதுகாத்து வளர்ப்பது அரசின் கடமை என்கிறது. அங்கே போய் 'சாசனத்தைக் காப்போம்' என்று முழங்கினால் கைதட்டுகிறவர்கள் வேறு ஆட்களாக இருப்பார்கள்.

அப்புறம், அமைப்பு என்ற பொருளே சாசனத்தில் காணாமல் போய்விடுகிறது. 395 உறுப்புகளோடும் 8 அட்டவணைகளோடும் 1950இல் நடைமுறைக்கு வந்த ஆவணத்தில் உரிமைகள் மூன்றாம் பகுதி மட்டும்தான். மற்றதில் பெரும்பகுதி கட்டுமான வேலை: ஒன்றியம், மாநிலங்கள், நாடாளுமன்றம், நீதிமன்றங்கள், எந்தப் பொருளில் யார் சட்டம் செய்யலாம் என்று பிரித்துத் தரும் ஏழாம் அட்டவணை. 1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் உட்கார்ந்து, ஏழுக்கு ஆறு என்ற கணக்கில், இதன் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றத்தாலும் மாற்ற முடியாது என்றார்கள். வீட்டுக்கு அடிப்படைக் கட்டமைப்பு உண்டு. பத்திரத்துக்கு ஏது தூண்?

இன்னொரு கூட்டம் 'அரசியல் சட்டம்' என்று எழுதுகிறது. அதுவும் தொல்லைதான். 1950இல் ரொமேஷ் தாப்பர் வழக்கு. பம்பாயிலிருந்து வந்த கிராஸ் ரோட்ஸ் என்ற இதழை மெட்ராஸ் அரசு 1949ஆம் ஆண்டுப் பொது ஒழுங்குச் சட்டத்தைக் காட்டித் தன் மாநிலத்துக்குள் விடவில்லை. இதழின் ஆசிரியரான தாப்பர் 32ஆம் உறுப்பின்படி நேராக உச்ச நீதிமன்றம் போனார். தடை விழுந்தது, அதற்கு அடிப்படையான சட்டப் பிரிவும் செல்லாமல் போனது. இதை 'சட்டம் சட்டத்துக்கு எதிரானது எனத் தீர்ப்பு' என்று எழுதினால் வாசகர் என்ன செய்வார்? அடிப்படை உரிமைக்கு முரணான சட்டம் செல்லாது என்கிறது 13ஆம் உறுப்பு. அளக்கிற கோலுக்கும் அளக்கப்படுகிற துணிக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டு, வாசகருக்குப் புரியவில்லை என்று அலுத்துக்கொள்கிறோம்.

'பிரிவு' என்ற சொல்லை வைத்துக்கொண்டு நடத்தும் கூத்து தனி. பிரிவு 21 என்கிறார்கள், பிரிவு 144 என்கிறார்கள். முன்னது உயிர் வாழும் உரிமை. பின்னது நாலு பேர் கூடுவதைத் தடுக்க, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் கொடுத்த அதிகாரம். ஒரே செய்தியில் இரண்டும் அக்காதங்கை போல உட்கார்ந்திருக்கும். இலங்கைக்காரர்கள் உறுப்புரை என்று தனியாக வைத்துக்கொண்டார்கள். சட்டத்துக்குப் பிரிவு, அரசியலமைப்புக்கு உறுப்புரை. நம்மிடம் உறுப்பு இருக்கிறது, கூறு என்று எழுதுகிறவர்களும் உண்டு. எழுதத்தான் பலருக்குச் சோம்பல்.

தமிழால் முடியாது என்பதில்லை. 'உடலைக் கொண்டிரு' என்கிற மாதிரியான ஒரு லத்தீன் தொடரை 'ஆட்கொணர்வு' என்று ஒரே சொல்லில் பிடித்தவர் யாரோ, அவருக்கு ஒரு மாலை போட வேண்டும். காவலில் வைத்த ஆளைக் கொண்டுவந்து காட்டு. கேட்டதும் விளங்குகிறது. சாசனம் என்று எழுதுபவர்களும் ஆட்கொணர்வு மனு என்றுதான் எழுதுகிறார்கள், ஒரு வில்லங்கமும் வரவில்லை.

என் கட்சி (மன்னிக்கவும், என் தரப்பு) அரசமைப்பு. அரசு + அமைப்பு. உகரம் ஓடிப்போய் இரண்டும் ஒட்டிக்கொள்கிறது. எவ்வளவு அவசரமான தட்டச்சாளரும் இதை நடுவில் உடைக்க முடியாது. 'அரசு அமைப்பு' என்று பிரித்தால் மின்வாரியம் மாதிரி ஏதோ ஒன்று நினைவுக்கு வரும் என்று ஆட்சேபிக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆகவே சேர்த்தே எழுத வேண்டும், அவ்வளவுதான். அரசமைப்புக்கு முரணானது, அரசமைப்பு அமர்வு, அரசமைப்புத் திருத்தம் என்று நீட்டினாலும் நாக்கு தடுக்குவதில்லை. புதுச்சொல்லும் அல்ல, சில நாளிதழ்கள் பல காலமாக இப்படித்தான் எழுதுகின்றன.

ஒரு சபலம் மட்டும் உண்டு. ஈழத்தில் அரசியல் யாப்பு என்பார்கள். சங்கங்களின் விதிமுறைக்கும் யாப்புதான். யாத்தல் என்றால் கட்டுதல். அரசின் கையைக் கட்டுவது என்று மேலே சொன்னேனே, அதை அப்படியே ஒரு சொல்லுக்குள் வைத்திருக்கிறார்கள். பொறாமையாகத்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் யாப்பு என்றால் எல்லாரும் வெண்பாவைத் தேடிக்கொண்டு போய்விடுவார்கள்.

இத்தனையையும் தம்பியிடம் அரை மணி நேரம் பேசினேன். கட்டுரை உள்ளே பதினான்கு இடத்தில் மாற்றிவிட்டதாகப் போன வாரம் செய்தி அனுப்பினார். அச்சில் பார்த்தேன், மாற்றித்தான் இருந்தார். தலைப்பில் மட்டும் சாசனம் அப்படியே இருக்கிறது. அரசமைப்பு இரண்டு எழுத்து நீளமாம், பத்தியில் அடங்கவில்லையாம்.