கேஸ் ஸ்குரூவை இறுக்காதீர்கள்: எல்பிஜி வண்டிகளில் பேக் ஃபயர்

மே மாதம் ஏற்காடு கோடை விழா நெருங்கினால் போதும், ஏர் ஃபில்டர் டப்பா பிளந்த வண்டிகள் பட்டறை வாசலில் வரிசைகட்டத் தொடங்கிவிடும். பெரும்பாலும் பெட்ரோலோடு எல்பிஜியிலும் ஓட கேஸ் கிட் போட்ட ஆம்னி வேன், இல்லையென்றால் பழைய மாருதி 800. அடிவாரம் தாண்டி நாலாவது ஐந்தாவது வளைவில் ‘டமார்’. இதைத்தான் பேக் ஃபயர் என்கிறோம். ஆம்னியில் எஞ்சின் இருப்பதே முன் சீட்டுக்கு அடியில். உட்கார்ந்திருப்பவர் எப்படித் துள்ளியிருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. கட்டி இழுத்துவந்து சீட்டைத் தூக்கிப் பார்த்தால் ஒரு வண்டியில் டப்பா உடைந்திருக்கும், இன்னொன்றில் ரப்பர் ஹோஸ் கழன்று தொங்கும். எல்லா வண்டியிலும் ஒன்று மட்டும் மாறாது: ரெடியூசரிலிருந்து (திரவக் கேஸை ஆவியாக்கும் பெட்டி) மிக்சருக்கு (கேஸைக் காற்றோடு கலக்கும் பாகம்) போகும் குழாயில் கேஸ் அளவைக் கூட்டிக் குறைக்கும் பவர் ஸ்குரூ கிட்டத்தட்ட அடிவரை இறுக்கப்பட்டிருக்கும். கேட்டால் பதிலும் மாறாது. “ஏற்கெனவே ஒரு தடவை வெடிச்சுதுங்கண்ணா. கேஸ் ஜாஸ்தியா போகுதுன்னு குறைச்சு வெச்சாங்க.”

கேஸ் ஜாஸ்தி ஆனதால் வெடித்தது என்று யார் முதலில் சொன்னார்களோ, தெரியாது. சத்தம் பெரிதாக வந்ததால் கேஸும் பெரிதாகப் போயிருக்கும் என்று கணக்குப் போட்டுவிட்டார்கள். நடப்பது நேர் எதிர். கேஸ் குறைந்தால்தான் வெடிக்கிறது. ஒரு கிலோ எல்பிஜி முழுதாக எரியச் சுமார் 15.5 கிலோ காற்று வேண்டும். காற்று அதைவிட அதிகமாகி கேஸ் இளைத்துப்போனால் கலவை பற்றும், ஆனால் மெதுவாக எரியும். பிஸ்டன் கீழே போய், மேலே வந்து, புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு மூடும் நேரம் வரை உள்ளே நெருப்பு மிச்சமிருக்கும். அந்த நேரத்தில் கலவையை உள்ளே விடும் இன்டேக் வால்வு திறக்கிறது. மிக்சர் வகைக் கிட்டில் மிக்சர் தொடங்கி வால்வு வரை கலவை போகும் குழாயான மேனிஃபோல்டு முழுக்கப் பற்றத் தயாரான கலவை காத்திருக்கிறது. மிச்சமிருந்த நெருப்பு அதைத் தொட்டதும் பின்னோக்கி ஓடி, வழியில் எது பலவீனமோ அதை உடைக்கிறது. பெரும்பாலும் அது பிளாஸ்டிக் டப்பாதான்.

இப்போது ஸ்குரூவை இன்னும் இறுக்கினால் என்ன ஆகும்? கலவை இன்னும் இளைக்கும், இன்னும் மெதுவாக எரியும். அடுத்த வெடி இன்னும் சீக்கிரம் வரும். மறுபடி இறுக்குவார்கள். சமதளத்தில், சேலம் ஐந்து ரோடு நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும்வரை எதுவும் தெரியாது. 20 ஹேர்பின் வளைவுள்ள மலையில் இரண்டாம் கியரில் ஆக்சிலரேட்டரை முக்கால்வாசி மிதித்து ஏறும்போது எஞ்சின் கேட்கும் கேஸ் அந்தச் சந்து வழியாக வராது. அங்கேதான் டமார்.

கேஸ் உண்மையிலேயே அதிகமானால் அறிகுறி வேறு. வண்டி இழுக்காமல் அமுங்கும், ஐடிலில் மூச்சு வாங்கும், சைலன்சர் வாய் கரி பிடிக்கும், எரியாத கேஸ் நாற்றம் வரும். அதுவும் கெடுதல்தான். ஆனால் டப்பாவை உடைக்கிற வண்டியில் அநேகமாக இந்த அறிகுறிகள் ஒன்றும் இருக்காது.

ஸ்குரூவை இறுக்குவதற்கு இன்னொரு காரணம் மைலேஜ் ஆசை. ஒரு லிட்டர் எல்பிஜியில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிடச் சக்தி குறைவு. பெட்ரோலில் 18 கொடுத்த வண்டி கேஸில் 14, 15 கொடுத்தால் அது நல்ல வண்டி. 18 வரவைக்கிறேன் என்று யாராவது திருகினால், மிச்சம் பிடித்த காசைப் பின்னால் எக்ஸாஸ்ட் வால்வு கருகிப்போய் ஹெட் வேலைக்குக் கொடுப்பீர்கள்.

சரி, கலவை சரியாக இருந்தும் வெடிக்கிறதா? அப்போது பத்துக்கு எட்டு வண்டியில் கோளாறு கரண்டுப் பக்கம். “பெட்ரோல்ல ஜம்முன்னு ஓடுதுங்க, பிளக் எல்லாம் நல்லாத்தான் இருக்கு” என்பது அடுத்த வாதம். எல்பிஜிக் கலவையில் தீப்பொறி தாண்டப் பெட்ரோலைவிட அதிக வோல்டேஜ் வேண்டும். மலை ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுவதால் அந்தத் தேவை இன்னும் ஏறும். பெட்ரோலில் தப்பித்த பழைய ஒயர் கேஸில் தப்பிக்காது. பிளக் முனையில் தாண்ட முடியாத கரண்டு ஒயரின் விரிசல் வழியாக எஞ்சின் பாடிக்கோ பக்கத்து ஒயருக்கோ குதித்துவிடும்.

பக்கத்து ஒயருக்குக் குதிப்பதுதான் மோசம். ஆம்னியின் மூன்று சிலிண்டர் எஞ்சினில் தீப்பொறி வரிசை 1-3-2. ஒன்றாம் பிளக் அடிக்கும் நொடியில் மூன்றாம் சிலிண்டர் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று கணக்குப் பாருங்கள்: உறிஞ்சத் தொடங்கி கிராங்க் 120 டிகிரி சுற்றியிருக்கும். இன்டேக் வால்வு திறந்து கிடக்கிறது, புதுக் கலவை உள்ளே பாய்கிறது. அந்த நேரத்தில் ஒன்றாம் ஒயரின் கரண்டு மூன்றாம் ஒயருக்குத் தாவினால் நெருப்பு நேரே மேனிஃபோல்டுக்குத்தான் போகும். அதனால்தான் பிளக் ஒயர்களை ஒன்றோடொன்று முறுக்கி, கேபிள் டை போட்டு அழகாகக் கட்டியிருப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அழகு வேண்டாம். கம்பெனி கொடுத்த கிளிப்பில் தனித்தனியாக, தொடாமல் போக வேண்டும்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பிளக்கை 15,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுங்கள், “இன்னும் ஓடும்” என்று மணல் தாளில் தேய்க்காதீர்கள். இடைவெளி பெட்ரோலுக்கு 1 மில்லிமீட்டர் சொல்லியிருந்தால் கேஸுக்கு 0.7 முதல் 0.8; இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் வைத்துப் பாருங்கள், கண் அளவு வேண்டாம். வெள்ளைப் பீங்கானில் மெல்லிய கறுப்புக் கோடு ஓடினால் அந்தப் பிளக் போயிற்று. ஒயரை மல்ட்டிமீட்டரில் கிலோ ஓம் வைத்து அளக்கலாம். நீள ஒயர் கொஞ்சம் அதிகம் காட்டுவது இயல்பு. ஒன்று மட்டும் மற்றதைவிட இரண்டு மடங்கு காட்டினாலோ, வளைத்து ஆட்டும்போது எண் குதித்தாலோ முழு செட்டையும் மாற்றுங்கள். டெல்கோ (பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர்) உள்ள வண்டியில் மூடியைக் கழற்றி உட்புறம் பென்சில் கோடு போலக் கரித்தடம் இருக்கிறதா, உள்ளே சுழலும் ரோட்டாரின் முனை தேய்ந்திருக்கிறதா பாருங்கள். ஏற்காட்டில் ராத்திரி நிறுத்திய வண்டி என்றால் பனி ஈரம் மூடிக்குள் கோத்திருக்கும். காலையில் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு ஸ்டார்ட் செய்வது ஐந்து நிமிட வேலை.

ஒயர் கசிவைக் கண்டுபிடிக்க ஒரு பழைய வழி உண்டு. டேங்க் வால்வை மூடி, கேஸ் வாசனை எங்கும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, எஞ்சினைப் பெட்ரோலில் ஓடவிட்டு இருட்டில் பாருங்கள். தலைக்கு அடிக்கும் ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் எடுத்து ஒயர் மேல் பனிபோலத் தெளித்தால் கசிகிற இடத்தில் நீலப் பொறி ஓடுவது தெரியும். கேஸில் ஓடும்போது இதைச் செய்யாதீர்கள், கைகூப்பிக் கேட்கிறேன்.

டிஸ்ட்ரிபியூட்டர் இல்லாமல், ஒரே இக்னிஷன் காயில் இரண்டு பிளக்குக்குச் சேர்த்துப் பொறி கொடுக்கும் நாலு சிலிண்டர் வண்டிகளில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக் முடியும்போதும் ஒரு வீண் பொறி அடிக்கும். பெட்ரோலில் தொந்தரவு இல்லை; ஒவ்வொரு வால்வுக்கும் பக்கத்தில்தான் இன்ஜெக்டர் பீய்ச்சுகிறது. மிக்சர் கிட் போட்டு மேனிஃபோல்டு முழுக்கக் கேஸ் நிரப்பினால் அந்த வீண் பொறியும் ஒரு தீக்குச்சி. இந்த வகை வண்டிக்கு சீக்வென்ஷியல் கிட்டே போடுங்கள். அது வால்வுக்குப் பக்கத்தில், அந்தந்தச் சிலிண்டருக்கு அந்தந்த நேரத்தில் கேஸ் விடும். மேனிஃபோல்டில் சேர்த்துவைக்க ஒன்றும் இருக்காது. விலை அதிகம்தான். பிளாஸ்டிக் மேனிஃபோல்டு ஒன்று வெடித்தால் வரும் செலவையும் கூடவே விசாரித்துக்கொள்ளுங்கள்.

வால்வைத் தட்டித் திறக்கும் டேப்பட் பற்றி யாரும் கேட்பதே இல்லை. கேஸ் வறண்ட எரிபொருள். வால்வு உட்கார்ந்து மூடும் வளையமான வால்வு சீட், பெட்ரோலில் ஓடுவதைவிட வேகமாகத் தேயும். சீட் தேய்ந்தால் வால்வு உள்ளே அமுங்கி டேப்பட் இடைவெளி குறையும். சத்தம் குறைந்து எஞ்சின் அமைதியாகிவிட்டது என்று ஓட்டுபவர் சந்தோஷப்படுவார். இடைவெளியே இல்லாமல் போனால் இன்டேக் வால்வு முழுதாக மூடாது. சிலிண்டர் நெருப்பு இடுக்கு வழியாக மேனிஃபோல்டைத் தொடும். 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, எஞ்சின் ஆறியபின், வண்டிக் கையேட்டில் உள்ள அளவுக்கு வையுங்கள்.

ரெடியூசரையும் மறக்காதீர்கள். திரவக் கேஸை ஆவியாக்கும் சூடு கூலன்ட்டிலிருந்துதான் வருகிறது. ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் முதலில் பட்டினி கிடப்பது ரெடியூசர். வெளியே பனி படிந்து வெள்ளையாகும், கேஸ் ஒருநேரம் கொட்டும், ஒருநேரம் நிற்கும். டிசம்பர் காலையில் ஏற்காட்டில் ஸ்டார்ட் செய்தவுடனே சுவிட்சைக் கேஸுக்குத் தள்ளினாலும் இதே கதை. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, கூலன்ட் ஹோஸ் கைக்குச் சூடாகத் தெரிந்தபின் மாற்றுங்கள். கார்புரேட்டர் வண்டியில் சுவிட்சை நடுவில் வைத்து கார்புரேட்டருக்குள் தேங்கும் ஃப்ளோட் அறையில் உள்ள பெட்ரோல் தீரும்வரை ஓடவிட்டு, இருமத் தொடங்கும்போது கேஸுக்குத் தள்ள வேண்டும். ரெடியூசர் அடியில் உள்ள திருகைச் சர்வீசுக்குச் சர்வீஸ் திறந்து தாரெண்ணெய் போன்ற கசடை வடித்துவிடுங்கள். அதற்குமுன் டேங்க் வால்வை மூடி, குழாயில் உள்ள கேஸ் தீர்ந்து எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட்டிவிட வேண்டும்.

ஏர் ஃபில்டரைப் பற்றி ஒரு வேடிக்கை. புது ஃபில்டர் போட்ட மறுநாள் வெடித்தது என்று சண்டைக்கு வருவார்கள். பழைய ஃபில்டர் அடைத்திருந்த நிலையில் கேஸை ட்யூன் செய்திருந்தால், புதியது போட்டதும் காற்று தாராளமாக வந்து கலவை இளைத்துவிடும். ஆகவே முதலில் ஃபில்டர், பிளக், ஒயர், டேப்பட். கேஸ் ட்யூனிங் கடைசியில். எஞ்சின் நன்றாகச் சூடானபின் 3,000 ஆர்பிஎம்மில் பிடித்துக்கொண்டு பவர் ஸ்குரூவை மெதுவாக இறுக்குங்கள். எஞ்சின் சுற்று விழத் தொடங்கும். அங்கிருந்து திரும்பத் திறந்துகொண்டே வந்தால் சுற்று உச்சத்துக்கு ஏறும். அதற்கு மேல் ஸ்குரூவை இன்னொரு கால் சுற்று திறந்து நிறுத்துங்கள். பிறகு கேஸ் அனலைசரில் லாம்டா (காற்று-கேஸ் அளவு சரியா என்று காட்டும் எண்; 1 என்றால் சரி) 1க்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்து, ஒருமுறை மேட்டில் ஓட்டிப் பாருங்கள். ஸ்குரூமேல் பெயின்ட் பொட்டு வைத்துவிட்டால் அடுத்து யார் திருகினாலும் தெரிந்துவிடும்.

டப்பாவில் ஸ்பிரிங் மூடி ஒன்று பொருத்தி, வெடித்தால் அது திறந்து காற்று வெளியேறும் என்று விற்கிறார்கள். டப்பா பிழைக்கும், காரணம் உள்ளேயே இருக்கும். போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் வெடிச் சத்தத்தோடு குடித்தனம் நடத்தாதீர்கள்.

வீட்டுச் சிலிண்டரை வண்டியில் வைப்பவர்களிடம் பேசிப் பேசி அலுத்துவிட்டது. சட்டப்படி குற்றம் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது இது: வாகன டேங்கிலிருந்து கிட்டுக்குத் திரவமாகக் கேஸ் வர வேண்டும். 14.2 கிலோ சிலிண்டரை நிமிர்த்தி வைத்தால் ஆவிதான் வரும். மலை ஏறும் வேகத்துக்கு ஆவி எடுக்கும்போது சிலிண்டர் குளிர்ந்து அழுத்தம் விழும், கலவை இளைக்கும். பேக் ஃபயரை நீங்களே கூப்பிட்டு முன் சீட்டுக்கு அடியில் உட்காரவைக்கிறீர்கள், பின் சீட்டில் குழந்தைகளோடு.

மலை இறங்கும்போது காசு மிச்சம் என்று சாவியை அணைத்துவிட்டு வளைவில் மறுபடி போடுவதையும் விட்டுவிடுங்கள். குழாயில் மிச்சமிருந்த கேஸ் எரியாமல் சைலன்சரில் சேர்ந்திருக்கும். சாவி போட்டவுடன் பின்னால் வெடிக்கும். இது டப்பாவை உடைக்காது, சைலன்சரைப் பிளக்கும். பிரேக் பூஸ்டர் வேலை செய்யாமல் வளைவுக்கு வருவது அதைவிடப் பெரிய ஆபத்து.

இவ்வளவுக்கும் மேல் வழியில் வெடித்துவிட்டால், கேஸிலேயே திரும்பத் திரும்ப செல்ஃப் அடிக்காதீர்கள். சாவியை அணையுங்கள், ஹேண்ட் பிரேக் போட்டுச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள், எல்லோரையும் இறக்கிக் கதவுகளைத் திறந்து விடுங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும். வாசனை இருந்தால் வண்டிக்குள் எந்தச் சுவிட்சையும் தொடாமல் டேங்க் வால்வை மூடிவிட்டு விலகி நில்லுங்கள். வாசனை அடங்கியபின் ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்து ஃபில்டர் தாளைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஓரம் கருகிச் சிவப்புக் கங்கு நிற்பதுண்டு. வெளியே புகை தெரியாது. அந்தக் கங்கோடு சீட்டை மூடிவிட்டுப் பெட்ரோலில் கிளம்பினால் அடுத்த வளைவில் வண்டி பற்றும். தாளை எடுத்துத் தண்ணீரில் முக்கி ஓரமாக வைத்துவிட்டு, ஹோஸ்கள் தத்தம் இடத்தில் இருக்கின்றனவா என்று தடவிப் பார்த்தபின் பெட்ரோலில் மெதுவாக அடிவாரம் இறங்குங்கள்.